ருசி பார்க்காமல் போட்ட காப்பி

முப்பது வருசமாக நான் டீக்கடை நடத்துகிறேன். சமயநல்லூரில் மெயின் ரோட்டை ஒட்டி, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே. வீடு அங்கிருந்து தள்ளி, காளவாசலுக்குப் பக்கத்தில். காலையில் பாய்லர் சூடானதும் முதல் கிளாஸ் டீயும் முதல் கிளாஸ் காப்பியும் எனக்குத்தான். ஆசைக்காகக் குடிப்பதில்லை. பால் எப்படி இருக்கிறது, டிகாஷன் எப்படி இறங்கியிருக்கிறது என்று நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் அன்றைக்கு எந்த அளவு கலக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். ருசி பார்க்காமல் ஒருத்தருக்கு ஒரு கிளாஸ் நீட்டியவன் இல்லை நான். அப்படிப்பட்டவன் போன தீபாவளிக்கு ஒரு காப்பியை வாயில் வைக்காமலே போட வேண்டியதாகிவிட்டது. அதில் விஸ்கி கலக்க வேண்டியிருந்தது.

எனக்கும் விஸ்கிக்கும் பழைய பழக்கம். பிராந்தி, ரம் எல்லாவற்றோடும்தான். கடையை மூடிய பிறகு என்று ஆரம்பித்தது. பிறகு கடையை மூடவே அவசரப்பட்டேன். கடைசியில் கடை திறப்பதற்கு முன்பே என்று ஆனது. பத்து வருசத்துக்கு முன்னால், என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கணக்குப் பரீட்சை அன்றைக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பாலை மட்டும் இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பியவன், கடை பெஞ்சிலேயே விழுந்து கிடந்தேன். பிள்ளை அட்டையும் பேனாவுமாக வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, காளவாசல் வரை ஓடிப் போய் டவுன் பஸ் பிடித்து, கேட்டைச் சாத்துகிற நேரத்தில் உள்ளே நுழைந்திருக்கிறாள். சாயங்காலம் நல்லா எழுதினியா என்று கேட்டேன். அட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையே என் மனைவி என்னை உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற ஒரு கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குடியை விட நினைக்கிறவர்களுக்கு அங்கே கயிறு கட்டிவிடுவார்கள். மூன்று மாசம், ஆறு மாசம், ஒரு வருசம் என்று கெடு சொல்லிக் கட்டலாம். கெடு முடிகிறவரை ஒரு சொட்டு வாயில் படக்கூடாது. முடிந்த பிறகு கோயிலுக்கே வந்து அவிழ்த்துக்கொள்ளலாம். அவிழ்த்த கையோடு நேராக ஒயின் ஷாப்புக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களை நான் பழிக்க மாட்டேன். விட்டிருந்தால் நானும் அவர்களோடுதான் நின்றிருப்பேன். ஆனால் என் மனைவி விவரமானவள். கெடு முடிவதற்கு முதல் நாளே கூட்டிக்கொண்டு போய், புதுக் கயிற்றைக் கட்ட வைத்த பிறகுதான் பழையதை அவிழ்க்க விடுவாள். இடையில் ஒரு நிமிஷம் வெறும் கையாக நான் இருந்ததில்லை. வருசத்துக்கு ஒன்றாக, இப்போது என் மணிக்கட்டில் இருப்பது பத்தாவது கயிறு.

கயிற்றை மட்டும் நம்பி விட்டுவிடுகிற ஆள் இல்லை அவள். தினமும் நான் கடையிலிருந்து வந்ததும் வாசல்படியில் வந்து நிற்பாள். "ஊதுங்க" என்பாள். அவள் முகத்துக்கு நேராக ஊத வேண்டும். மோந்து பார்த்துவிட்டு வழி விடுவாள். பத்து வருசமாக ஒரு நாள் தவறியதில்லை. வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் அடுப்படிக்குக் கூப்பிட்டு ஊதச் சொல்வாள். மகளுடைய கல்யாணத்தன்று, மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நின்றவனை ஸ்டோர் ரூம் பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஊதச் சொன்னாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். குடிக்காதவனைக் குடிகாரனாகவே வைத்திருக்கிறாளே என்று இருக்கும். பல நாள் அவள் முன்நெற்றி முடி பறக்கிற அளவுக்குப் பலமாக ஊதியிருக்கிறேன். அவள் கண்ணை மட்டும் மூடித் திறப்பாள்.

மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை மூன்று வருசம் அயர்லாந்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது பெங்களூரில் இருக்கிறார். நல்ல பையன், அதிகம் பேசமாட்டார். தலை தீபாவளிக்கு இரண்டு பேரும் வருவதாக இருந்தது. எங்கள் பக்கம் தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மோதிரம், ஆட்டுக்கறி என்று செய்வதோடு முடிவதில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்து, பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இதை யாரும் வாயால் கேட்க மாட்டார்கள். செய்யாமல் விட்டால் மட்டும் பேரன் பேத்தி எடுக்கிற வரை சொல்லிக் காட்டுவார்கள். என் மகளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அதனால் அவளுடைய தாய்மாமன், அதாவது என் மனைவியின் தம்பி, அந்தப் பொறுப்பைத் தானாக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

"மச்சான், மாப்ளைக்குப் போன் போட்டு நானே கேட்டுட்டேன்" என்று கடைக்கு வந்து சொன்னான். "பீரு வேணாம்னுட்டாரு. மத்ததும் பச்சையாக் குடிக்க மாட்டாராம். அந்த ஊர்ல குளுருக்குச் சூடா காப்பியப் போட்டு அதுல விஸ்கிய ஊத்திக் குடிப்பாங்களாம். அதுன்னா ஒரு கிளாஸ் போதும்ங்கிறாரு."

"காப்பிலயா?"

"காப்பிலதான். காப்பி போட நம்ம வீட்டுல ஆளா இல்ல? பாட்டில நான் வாங்கியாரேன். காப்பிய நீங்க போட்டுருங்க."

"ஏப்பா, நான் கயிறு கட்டியிருக்கேன். தெரியுமா தெரியாதா?"

"குடிக்க மாட்டேன்னுதான கட்டுனீங்க. போட்டுக் குடுக்க மாட்டேன்னா கட்டுனீங்க?" என்றான்.

அவன் போன பிறகு கோயில் பூசாரிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, கையில் தொடலாமா, மோந்து பார்க்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"தொட்டாக் கையக் கழுவிக்க. மோந்தா ஒண்ணுமில்ல, காத்துதான். நாக்குல பட்டா கயித்த அவுத்துட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"ஒதட்டுல பட்டா, சாமி?"

"அது ஓம்பாடு, கருப்பன்பாடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மச்சினன் நான்கு நாள் முன்னதாகவே பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டான். என் மனைவி அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். அந்தக் காலத்தில் நான் பாட்டில் ஒளித்து வைக்காத இடம் கிடையாது. அரிசி டிரம், கக்கூஸ் தொட்டி, பழைய மிக்ஸிப் பெட்டி. அத்தனையையும் கண்டுபிடித்தவள் அவள். இப்போது நேராகப் போய் ஃபிரிட்ஜ் மேலே, காலண்டருக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள்.

"உள்ள எங்கயாச்சும் வையி" என்றேன்.

"ஒளிச்சு வச்சாத்தான் தேடச் சொல்லும். கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்" என்றாள்.

கண் முன்னாடியேதான் கிடந்தது. தண்ணீர் எடுக்கப் போனால் அது. தேதி பார்க்கப் போனால் அது. சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு நேர் எதிரே அது. குடிக்க வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. பொய் சொல்ல எனக்கு வயசில்லை. ஆனால் அதைவிட, நான் அதைப் பார்க்கிறேனா என்று அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பதிலேயே என் உயிர் போயிற்று. கடையிலும் கை ஓடவில்லை. சர்க்கரை இல்லாமல் கேட்டவருக்கு இரண்டு கரண்டி போட்டேன். "அண்ணே, ஒங்களுக்கு என்னாச்சு?" என்று தினமும் வருகிற பஸ் டிரைவர் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று வள்ளென்று விழுந்தேன். பாவம், அவர் காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார்.

மகள் செய்முறையைப் போனில் பேசி அனுப்பியிருந்தாள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டேன். கிளாஸில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட வேண்டும். பால் கூடாது. கெட்டி டிகாஷனில் வெந்நீர் சேர்த்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கரைக்க வேண்டும். அதில் விஸ்கியைச் சேர்க்க வேண்டும், அதை அடுப்பில் ஏற்றக்கூடாது. கடையில் விற்கிற கிரீமை லேசாக அடித்து, ஸ்பூனைக் குப்புறப் பிடித்து, அதன் முதுகில் மெல்ல ஊற்ற வேண்டும். கிரீம் மேலேயே மிதக்க வேண்டும். "முக்கியமா ஆத்தக் கூடாதுப்பா. ஆத்துனா எல்லாம் கெட்டுப் போயிரும்" என்றாள். ஆற்றக் கூடாது என்று எழுதி அடியில் கோடு போட்டேன். ஆற்றாத காப்பி என்ன காப்பி என்று எனக்கு அப்போதே எரிச்சல்தான். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்லியிருந்தாள். "நீங்க ருசி பாக்காதீங்கப்பா. எப்படி இருந்தாலும் அவரு குடிச்சுக்குவாரு."

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரீட்சை நாளில் வாசலில் நின்ற பிள்ளையின் குரல் அது. இந்தக் காப்பியை நான் குடிக்காமல், ஆனால் சரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். அது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி என்னை வாசலில் ஊத வைத்துப் பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கக் காளவாசலுக்குக் கிளம்பினாள்.

"ஒரு மணி நேரத்துல வந்துருவேன்" என்றாள். செருப்பைப் போட்டவள் திரும்பி ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வாரேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போனாள்.

வீட்டில் நான் மட்டும். ஒத்திகை பார்க்க இதைவிட நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், சாரல் அடிக்கவும் சாத்தினேன். கடைசியில் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். கட்டு உடைகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுப் பத்து வருசம் ஆகிவிட்டது. உடம்புக்கு மறக்கவில்லை. தொண்டையில் எச்சில் ஊறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதல் கிளாஸில் கிரீமை அதிகமாக அடித்துவிட்டேன். கட்டியாகப் போய் ஒரு ஓரமாக ஒதுங்கியது. அதைச் சாக்கடையில் ஊற்றினேன். ஊற்றுகிறபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். இரண்டாவதில் டிகாஷன், சர்க்கரை, விஸ்கி எல்லாம் சரியாக வந்தன. நல்ல நிறம். இனி கிரீம்தான் பாக்கி. இதில் விஸ்கி காப்பியை மீறி நிற்கிறதா, காப்பிக்குள் அடங்கியிருக்கிறதா என்று ஒரு வாய் வைத்தால் தெரிந்துபோகும். வைக்க முடியாது. அந்தத் தவிப்பிலேயே இருந்தேனா, கை தன் பாட்டுக்குக் கிளாஸை எடுத்தது. இன்னொரு கை மக்கை எடுத்தது. என்ன செய்கிறேன் என்று புத்திக்கு உறைப்பதற்குள் கை மேலே போய்விட்டது.

ஆற்றிவிட்டேன். முப்பது வருசமாக ஒரு நாளைக்கு நானூறு தடவை ஆற்றுகிற கை. கடையில் தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது, கை முழு நீளத்துக்குப் போகும். வீட்டு அடுப்படியில் மேலே மசாலா டப்பா அடுக்குகிற பலகை. மக்கு அதில் டங்கென்று இடித்தது. பாதிக் காப்பி கிளாஸில் விழுந்தது, மீதிப் பாதி பலகையிலும் சுவரிலும் என் மேலும் தெறித்தது. சட்டை நனைந்தது. மீசை நனைந்தது. கீழ் உதட்டில் ஒரு சொட்டு சூடாக உட்கார்ந்திருந்தது.

அசையாமல் நின்றேன். வாய் லேசாகத் திறந்தபடியே இருந்தது. மூடினால் சொட்டு உள்ளே போய்விடும். நாக்கு தானாக முன்னால் வரப் பார்க்கிறது. அதைப் பல்லுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். ஆவியோடு வாசம் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. குழாயைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. காலையிலேயே மோட்டார் போடச் சொன்னாள், நான் போடவில்லை. துணியால் துடைக்கலாம் என்று தோன்றவில்லை. குடிதண்ணீர்க் கேன் காலடியில் இருந்தது. அது ஞாபகம் வந்தது மறுநாள்தான். அந்த நேரத்துக்குத் தெரிந்தது வெளியே பெய்கிற மழை மட்டும்தான். ஓடினேன்.

வாசலில் சன்ஷேடிலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்தில் போய், முகத்தைக் கீழே கவிழ்த்து, வாயைத் திறந்தபடி நின்றேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று சாத்தினார். நான் நிமிர்ந்தபோது தெருவில் ஷேர் ஆட்டோ நின்றது. குடையை விரிக்காமலே என் மனைவி இறங்கினாள். டெய்லர் கடை பூட்டிக் கிடந்திருக்கிறது. பாதி நேரத்திலேயே திரும்பிவிட்டாள்.

மழையில் சட்டையோடு நனைந்துகொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, கண் சிவந்து நிற்கிற புருசனை அவள் இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறாள். அவள் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். வாசம் அவளுக்கு அடித்ததை அவள் மூக்கிலேயே பார்த்தேன்.

"உள்ள வாங்க. தெரு பாக்குது" என்றாள்.

உள்ளே போனதும் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது குடிகாரன் கதையாகக் கேட்டது. ஆற்றினேன், இடித்தது, தெறித்தது, நாக்கில் படவில்லை, உதட்டோடு சரி. அவள் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

"ஊதுங்க" என்றாள்.

ஊதினேன். அன்றைக்குப் பலமாக ஊதவில்லை. கெஞ்சுகிற மாதிரி ஊதினேன்.

"தெரியல" என்றாள். "சட்டை நாறுது, மீசை நாறுது, வீடு பூராவும் நாறுது. இதுல ஒங்க வாய எங்கிட்டுப் போயித் தேடுறது?"

"கயிறு இருக்கு பாரு" என்று கையைக் காட்டினேன்.

"அது இருக்கும். அது கயிறுதான."

"கோயிலுக்குப் போவோம். இப்பவே போவோம். கற்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

"நீங்க பண்ணாத சத்தியமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து வருசம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தேன், அதற்கு ஒரு சாட்சி கிடையாது. குடித்த காலத்துக்கு ஊரே சாட்சி. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுதால் குடித்தவன் என்று இன்னும் உறுதியாகத் தெரியுமே என்று பயந்துகொண்டே அழுதேன்.

அவள் அடுப்படிக்குள் போனாள். எழுந்து போய்க் கதவோரம் நின்றேன். காலண்டர் தாளைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கிரீம் பாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பலகையின் அடிப்பக்கம் சொட்டிக்கொண்டிருந்த காப்பியைப் பார்த்தாள். சுவரில் வழிந்திருந்த கோட்டை விரலால் தொட்டாள்.

"கோடு போட்டு வேற எழுதியிருக்கு, ஆத்தக் கூடாதுன்னு" என்றாள்.

"கை தன்னால போயிருச்சு."

"எங்க அப்பன் வீட்டுப் பலகை. அதையும் இடிச்சாச்சு." பலகையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "குடிக்கணும்னு நெனச்சவன் ஆத்திக்கிட்டா நிப்பான்? பாட்டிலோட கவுத்திருப்பான்."

எனக்கு மூச்சு வந்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மேடையில் இருந்த கிளாஸை எடுத்தாள். நான் ஆற்றியதில் மிஞ்சியிருந்த பாதிக் காப்பி அதில் இருந்தது. வாழ்க்கையில் அவள் அதைத் தொட்டது சாக்கடையில் கொட்டுவதற்கு மட்டும்தான். இப்போதும் கொட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது. விழுங்கினாள். சரியாகத் தெரியவில்லை என்பது போல இன்னொரு வாய் குடித்தாள். பிறகு கிளாஸுக்குள்ளே பார்த்தபடி நின்றாள்.

"இதுக்கா?" என்றாள்.

"என்ன?"

"இதுக்கா அம்புட்டு வருசம்?"

அவளுடைய இருபத்தைந்து வயசிலிருந்து நாற்பது வயசு வரைக்கும் அந்தக் கிளாஸுக்குள் போயிருக்கிறது. அவள் பார்த்த பார்வையில் அதெல்லாம் உள்ளே எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சர்க்கரை பத்தல" என்றாள். "டிகாஷனும் தண்ணியா இருக்கு. மறுபடியும் போடுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

மூன்றாவது கிளாஸில் சர்க்கரை கூடிப்போனது. நான்காவது சரியாக இருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய்தான். மீதியை அவளே சாக்கடையில் ஊற்றினாள். கிரீம் நான்காவதில்தான் ஒழுங்காக மிதந்தது. நான் ஸ்பூனைக் குப்புறப் பிடித்திருக்க, அவள் பக்கத்தில் நின்று என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் ஆற்றப் போய்விடாமல் இருக்க.

மறுநாள் காலையில் மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். மகள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அவள் கண் ஃபிரிட்ஜ் மேலே போனது. சின்னப் பிள்ளையில் என் பாட்டில்களில் பேனாவால் கோடு போட்டு வைத்து அளவு பார்த்தவள் அவள். பாட்டிலில் கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நாலு காப்பி போட்டுப் பாத்தோம்" என்றாள் என் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே. "நான்தான் ருசி பாத்தேன்."

"நீயாம்மா?"

"பின்ன? ஒங்கப்பாவா பாப்பாரு?"

மகள் அப்போதுதான் பையை இறக்கி வைத்தாள். பிறகு சிரித்தாள். அன்றைக்கு வீடு முழுக்க அந்தச் சிரிப்புதான்.

தீபாவளி அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்தோம். மழை விட்டிருந்தது, நல்ல ஈரக் காற்று. மச்சினன் தனக்கு வேண்டியதைத் தனியாக ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கீழே காப்பி போட்டு, கிரீம் அலுங்காமல் படியேறி, மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று வாங்கினார். ஒரு வாய் குடித்தார். மீசையில் கிரீம் ஒட்டியது.

"கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கு மாமா. ஆனா ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "ஒங்களுக்கு?"

"எனக்கு வேணாம் மாப்பிள்ளை. நீங்க சாப்பிடுங்க."

அவர் பாதியைக் குடித்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். கடைசிவரை மீதிப் பாதியைத் தொடவே இல்லை. அது ஆறிப்போய்க் கிரீம் திரிந்து கிடந்தது. கிளாஸில் பாதி வைத்துவிட்டு எழுந்து போகிற ஒருவரைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் மகள் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள் என்று அந்தப் பாதிக் கிளாஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கையில் விஸ்கி வாசம், சட்டையில் விஸ்கி வாசம். அடுப்படி வாசலில் என் மனைவி வாழை இலைகளோடு எதிரே வந்தாள். நான் பழக்கத்தில் அவள் முன்னால் நின்று, உதட்டைக் குவித்து, மூச்சை இழுத்துத் தயாராக நின்றேன்.

"என்ன நிக்கிறீங்க? வழிய விடுங்க, எலை போடணும்" என்றாள்.

"ஊதச் சொல்லலையா?"

"வேணாம். கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

இலைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இழுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பாதிக் காப்பி கையில் இருந்தது. பார்க்க ஒருவரும் இல்லை. சாக்கடையில் ஊற்றி, கிளாஸைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூட ஊதச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பொங்கலுக்கு வருவார் என்று மீதிப் பாட்டிலையும் ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறாள். ஊதச் சொன்ன பத்து வருசமும் எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லாமல் விட்ட பிறகுதான் பயம் வருகிறது. இப்போதும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் வாசல்படியில் நின்றுவிடுகிறேன். உள்ளே அவள் ஏதோ வேலையாக இருப்பாள். உள்ளங்கையை முகத்துக்கு நேராக வைத்து, நானே ஒரு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறேன்.